தங்கம் சிவந்த மத்தியானம்

போன வருடம் மழைக்கு முன்னால் ஒரு நாள் எங்கள் கடைச் சாம்பார் என் இடது கன்னத்தைச் சுட்டது. துறைமுகம் போகும் சாலையில் லாரிக்காரர்களுக்கென்று நான் ஆரம்பித்த இட்லிக் கடை அது. இப்போது மருமகள் நடத்துகிறாள். நான் காலையில் போய், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கரண்டி சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்த பிறகுதான் வியாபாரம் தொடங்கும். அன்றைக்கு நான் போகத் தாமதமாகி, வியாபாரம் தொடங்கியிருந்தது. நக்கிப் பார்த்ததும் கன்னத்துக்குள் தீ வைத்த மாதிரி இருந்தது.

"ஏளா, மிளகாயை அள்ளிக் கொட்டிட்டியா?" என்றேன்.

"இல்ல மாமி, எப்பவும் போடுத அளவுதான். நாலு டிரைவர் சாப்பிட்டுட்டுப் போயாச்சு. ஒருத்தரும் மூச்சு விடல."

நான் நம்பவில்லை. மறுநாள் நானே வைத்தேன். அதுவும் எரிந்தது. என் கைச் சாம்பார் என்னையே எரித்தால் குற்றம் சாம்பாரில் இல்லை என்று அப்போதுதான் பட்டது. வீட்டுக்குப் போய்க் குசினி ஜன்னலோரம் கண்ணாடியை வைத்து வாயைத் திறந்து பார்த்தேன். புகையிலையை அடக்கி வைக்கும் இடத்தில், வெள்ளையாக, மாவு காய்ந்து ஒட்டியது போல ஒரு படை. விரலால் தேய்த்தேன். போகவில்லை.

என் வீட்டுக்காரரின் தங்கை எனக்குப் பக்கத்து வீடு. அவளும் வெற்றிலை போடுகிறவள். எனக்கு நாத்தனார், சண்டைக்காரி, துணை எல்லாம் அவள்தான். அவளிடம் மட்டும் காட்டினேன். எட்டிப் பார்த்தவள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர உடனே சேலை மாற்றப் போய்விட்டாள். அவள் கேலி செய்யாதது என்னைப் பயமுறுத்தியது.

பக்கத்துச் சிற்றூரான புதுக்கோட்டையைத் தாண்டித் திருநெல்வேலி சாலையில் எங்கள் பஸ் போனது. அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அதை ஒட்டி ஒரு கல்லூரி. வாய் பார்க்கும் டாக்டர் இளம் வயசு. என்னை உட்கார வைத்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, நிதானமாகப் பார்த்தார்.

"எத்தனை வருசமாப் புகையிலை போடுறீங்கம்மா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

"அது எப்போ?"

"அப்போ உங்க அப்பாவுக்கே மீசை முளைச்சிருக்காது."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒளிக்காமல் சொன்னார். இந்த மாதிரிப் படை பல பேருக்குச் சும்மா படையாகவே இருந்துவிடும். சில பேருக்குப் புற்றாக மாறியிருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துளிச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். முடிவு வர ஒரு வாரம் ஆகும்.

ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். கன்னம் மரத்துப்போய், பாதி முகம் என்னுடையது இல்லாத மாதிரி இருந்தது. அப்போது டாக்டர் இன்னொன்று கேட்டார். கல்லூரியில் ஒரு பெண் ஆராய்ச்சி செய்கிறாள். கன்னத்தை ஒரு சின்னப் பிரஷ்ஷால் தடவி எடுத்து, அதில் தங்கத்தை விட்டு, வெளிச்சத்தில் பார்ப்பாளாம். புற்று இருந்தால் தங்கம் ஒட்டிக்கொண்டு மின்னுமாம். "இது இன்னும் ஆராய்ச்சிதாம்மா. உங்களுக்கு வைத்தியம் பார்க்கிறது இதை வச்சு இல்ல, சதை ரிப்போர்ட்டை வச்சுத்தான். உங்களுக்கு இஷ்டம் இருந்தா அடுத்த தடவை வரும்போது செய்யலாம்" என்றார்.

மரத்த வாயோடு "தங்கமா?" என்று கேட்டேன். அது "தந்தமா" என்றோ என்னவோ விழுந்தது. நாத்தனார்தான் எனக்காகப் பேசினாள். "தங்கம்னா மதினி வேண்டாம்னு சொல்ல மாட்டாவ டாக்டர். எழுதிக்கோங்க."

அந்த ஒரு வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்டால், கப்பலில் வேலை செய்யும் என் மகனிடம் போனில் தினமும் சிரித்துச் சிரித்துப் பேசினேன் என்பதுதான் பதில். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பவனுக்கு இதையெல்லாம் சொல்லக்கூடாது. முடிவு தெரிந்த பிறகு சொல்லலாம் என்று மருமகளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். புகையிலைப் பையை அவளே எடுத்து எங்கோ ஒளித்து வைத்தாள். நானும் தேடவில்லை.

மனசு மட்டும் அந்தத் தங்கத்திலேயே நின்றது. எங்கள் பக்கத்தில் நகை செய்யக் கொடுத்தால் தங்கத்தை ஆசாரி கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட மாட்டோம். அவர் உருக்கும்போதும், கம்பி இழுக்கும்போதும், அரத்தால் ராவும்போதும் எதிரிலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்திருப்போம். சாப்பாடுகூட அங்கேதான் வரும். நம் தங்கம் நம் கண் முன்னால் வேலையாகி நம் கைக்கு வர வேண்டும். அடுத்தவள் வீட்டுத் தங்கம் உடம்பில் பட்டால் அவள் அழுத அழுகையும் சேர்ந்து வரும் என்று என் அம்மா சொல்வாள். காது, கழுத்துக்கே அப்படி என்றால், என் வாய்க்குள்ளிருந்து எடுத்ததோடு எவள் தங்கத்தையோ கலப்பதா? பெட்டியில் தேடினேன். ஜோடி தொலைந்த தோட்டின் திருகாணி ஒன்று கிடைத்தது. கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

மறுபடியும் போன அன்று டாக்டர், "ரிப்போர்ட் நாளைக்கு வந்துரும். இன்னைக்கு அந்தப் பொண்ணைப் பாருங்க" என்று எங்களைக் கல்லூரிப் பக்கம் அனுப்பினார். ஒரு நாள் தள்ளிப்போனது எனக்குக் கஷ்டமாகவும் இருந்தது, ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது.

அந்தப் பெண் தாமிரபரணிக் கரை வயல்காட்டு ஊர்க்காரி. மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி, வெள்ளைக் கோட்டுக்குக் கீழே ரப்பர் செருப்பு. "வாங்க ஆச்சி, உக்காருங்க" என்றாள். அந்த "ஆச்சி" என்ற ஒரு வார்த்தையிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. சம்மதக் காகிதத்தை முழுசாகப் படித்துக் காட்டி, "கைநாட்டா ஆச்சி?" என்று மை டப்பாவை எடுத்தாள். நான் பேனாவை வாங்கி, மூன்றாம் வகுப்பில் கற்ற அதே எழுத்தில், அவசரப்படாமல் என் பேரை எழுதினேன். அவள் மை டப்பாவை மூடி வைத்தாள்.

பிறகு கைக்குட்டையை அவிழ்த்துத் திருகாணியை மேசையில் வைத்தேன். "என் தங்கத்தையே போடு தாயி. நான் இங்கனயே உக்காந்திருக்கேன். வேலை முடிஞ்சதும் மிச்சத்தைக் குடுத்துரு. சேதாரம் எம்புட்டுன்னு இப்பவே சொல்லிரு."

அவள் திருகாணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாத்தனார் அடக்கவில்லை. "ஒத்தைத் திருகாணியைத் தூக்கிட்டுப் பட்டறைக்கு வந்திருக்காவ பாரு! ஒட்டியாணம் செஞ்சு குடு தாயி!"

"ஆச்சி, நகைத் தங்கத்துல செம்பு கலந்திருக்கும்" என்றாள் அந்தப் பெண். "இதை நான் எடுக்கணும்னா கடுமையான ஆசிட்ல கரைக்கணும். கரைஞ்சா திருகாணி திரும்பி வராது. எங்ககிட்டச் சுத்தமான தங்கம் ஏற்கெனவே கரைச்சு மருந்து மாதிரி வந்திருக்கு. யார் கழுத்துலயும் கிடந்தது இல்ல."

"யாரும் போட்டது இல்லையே?"

"யாரும் போட்டது இல்ல."

"அப்போ சரி. ஆனா நீ செய்யுததை நான் பாக்கணும்."

"பாருங்களேன்" என்றாள் அவள் சாதாரணமாக. "இன்னைக்குப் புதுசாக் காய்ச்சணும். ஸ்டூலை இங்கன இழுத்துப் போடுங்க."

அப்படித்தான் நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கம் காய்ச்சுவதைப் பார்த்தேன். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் மாதிரி ஒன்று. லேசாக மஞ்சள், அவ்வளவுதான். "இதுதான் தங்கமா?" என்று கேட்டேன். "இதுதான்" என்றாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சமையலுக்குப் போடும் மஞ்சள்தூள் இதைவிடப் பகட்டாக இருக்கும். குடுவைக்குள் ஒரு வெள்ளைத் துண்டு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, கரண்டி இல்லாமலே கிண்டுவது போல. கீழே சூடு. கொதி வந்ததும் எலுமிச்சைப் புளிப்பிலிருந்து செய்த ஏதோ ஒரு உப்புக் கரைசலை ஒரே ஊற்றாக ஊற்றினாள்.

மஞ்சள் போயிற்று. வெறும் தண்ணீர் மாதிரி ஆயிற்று. "போச்சு, தங்கத்தைத் தொலைச்சிட்டா" என்றாள் நாத்தனார். அப்புறம் அது மெல்லக் கருத்தது. மைக்கூடு கழுவிய தண்ணீர் போல, மழைக்கு முந்தின கடல் போல ஒரு கருநீலம். நான் எழுந்தே விட்டேன். அந்தப் பெண் கையைக் காட்டி, "பொறுங்க ஆச்சி" என்றாள். நாங்கள் மூன்று பேரும் குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கருப்பு ஊதாவாயிற்று. ஊதா இளகி, சிவந்து, மாதா கோயில் பூசைக்கு வைக்கும் திராட்சை ரசம் மாதிரி, விளக்குக்கு எதிரே மாணிக்கம் மாதிரி நின்றது.

"எங்க மாதாவே!" என்று கத்திவிட்டேன். அடுத்த அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"தங்கம் ரொம்ப ரொம்பச் சின்னத் துகளா இருந்தா மஞ்சளாத் தெரியாது ஆச்சி, சிவப்பாத் தெரியும்" என்றாள் அவள். "வெளிச்சம் அது மேல விழுந்து சிதறுத விதம் மாறிப்போயிரும்."

"எம்புட்டுச் சின்னது?"

"உங்க தலைமுடி ஒண்ணைக் குறுக்க வெட்டினா, அந்த அகலத்துக்குள்ள ஆயிரக்கணக்குல வரிசையா நிக்கும்."

"என் முடி நரைச்சு மெலிஞ்சு போச்சே" என்றேன். "அதுலயும் நிக்கும்" என்றாள்.

நம் ஊரில் காற்றே உப்புக்காற்று, இதைத் திறந்து வைத்தால் கெட்டுப்போகாதா என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் சிவப்பை எடுத்து, உப்புத் தண்ணீர் சில சொட்டு விட்டாள். கண் எதிரிலேயே சிவப்பு நீலமாயிற்று. உப்புப் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுமாம். "நம்ம ரத்தத்துலயும் உப்பு உண்டு, எச்சில்லயும் உண்டு. அதனால தங்கத்தை வெறும் உடம்போட அனுப்ப மாட்டோம். சட்டை போட்டுத்தான் அனுப்புவோம்" என்றாள். சட்டை போட்ட தங்கம் இருந்த இன்னொரு குப்பியில் அதே உப்புத் தண்ணீரை விட்டாள். அது சிவப்பாகவே இருந்தது.

அந்தச் சட்டையில்தான் கொக்கி வைத்திருக்கிறார்களாம். புற்று வந்த செல்லின் மேல்தோலில் ஒரு பொருள் அளவுக்கு மீறி இருக்கும். கொக்கி அதைப் பார்த்துத்தான் மாட்டும். நல்ல செல்லில் அது கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் கழுவினால் தங்கம் போய்விடும். நெத்திலிக்கு ஒரு வலை, சீலா மீனுக்கு ஒரு வலை என்று வைத்திருக்கிற ஊர்க்காரிக்கு இது புரியாமல் போகுமா? "அப்போ என் கன்னத்துல தங்கம் ஒட்டினா..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"ஒட்டாம இருக்கணும் ஆச்சி" என்றாள் அவள். குரல் தணிந்திருந்தது.

கன்னத்தைப் பிரஷ்ஷால் தடவி எடுத்தாள். வலிக்கவில்லை, கூசியது. நான் பார்க்கக் காய்ச்சிய தங்கத்தைத்தான் என்னுடையதற்குப் போட வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். அதற்குச் சட்டையும் கொக்கியும் போட்டு முடிக்க மறுநாள் ஆகும் என்றாள். "ஆகட்டும், வாரோம்" என்றேன். திருகாணியை மறுபடி முடிந்துகொண்டு பஸ் ஏறினோம். வழியெல்லாம் நாத்தனார் அந்தச் சிவப்பைப் பற்றியே பேசினாள். அந்த நிறத்தில் ஒரு பட்டுச் சேலை எடுத்தே தீர வேண்டுமாம். பாதி வழியில் திடீரென்று என் கையைப் பிடித்தாள். ஊர் வரும்வரை விடவில்லை.

மறுநாள் மத்தியானம் இருட்டு அறை. கறுப்புத் துணி போட்ட ஜன்னல், ஒரு மைக்ரோஸ்கோப், பக்கத்தில் டிவி மாதிரி ஒரு திரை. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விடுவதால் மற்றதெல்லாம் இருட்டாகவே இருக்கும், தங்கம் ஒட்டிய இடம் மட்டும் தெரியும் என்றாள் அந்தப் பெண். கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்துத் திருகினாள்.

திரை முழுக்கப் பொன். ராத்திரி கணவாய் மீன் பிடிக்கப் போன வள்ளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விளக்கேற்றினது போல, வட்ட வட்டமாக, அடர்த்தியாக, மஞ்சளும் செம்மஞ்சளுமாக. நான் கண்ட அழகுகளில் அதுவும் ஒன்று. அந்த அழகைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் "மதினி..." என்று என் தோளைப் பிடித்தாள். மகன் முகம் வந்து போனது. இனி எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்துப் பதறிவிட்டாள். "ஐயோ ஆச்சி, இது உங்களுது இல்ல! இது ஒப்பிட்டுப் பாக்குததுக்கு. குப்பியில வளத்த புற்றுச் செல்லு. முதல்லயே சொல்லியிருக்கணும், மன்னிச்சிருங்க."

"ஏளா, என்னைக் கொன்னு போட்டுட்டியே!" என்றேன். மூச்சு அப்போதுதான் வந்தது.

அவள் அவசரமாகக் கண்ணாடியை மாற்றினாள். திருகினாள். திரை கறுப்பாக இருந்தது. இன்னும் திருகினாள். மங்கலாக, சாம்பல் நிறத்தில், ஓரம் மட்டும் தெரிகிற பெரிய பெரிய தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று. என் கன்னத்துச் செல்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூசி போல ஒரு மினுக்கு. வேறு இடத்துக்கு நகர்த்தினாள். அங்கும் இருட்டு. இன்னொரு இடம். இருட்டு. நான் எத்தனையோ கல்யாண வீட்டில் தங்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். தங்கம் இல்லாத இடத்தைப் பார்த்து அப்படி ஒரு பெருமூச்சு விட்டது அன்றைக்குத்தான்.

"ஒட்டலையா?"

"ஒட்டலை ஆச்சி. ஆனா நான் சொல்லுதது கணக்கு இல்ல. டாக்டர் சொல்லுததுதான் கணக்கு." சொல்லும்போதே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி ஒட்டும்? துறைமுகத்து லாரிக்காரனே உங்க வாய்க்குப் பயந்து பாக்கி வைக்க மாட்டான். தங்கம் எம்மாத்திரம்? கிட்ட வந்து பாத்துட்டு ஓடியிருக்கும்."

நாங்கள் மூன்று பேரும் அந்த இருட்டு அறையில் சிரித்த சிரிப்பில் மறுபடியும் யாரோ வந்து கதவைத் தட்டினார்கள்.

டாக்டர் அறைக்குப் போனபோதுதான் சிரிப்பு அடங்கியது. அவர் நேரடியாக விஷயத்துக்கு வந்தார். "புற்று இல்லம்மா. புகையிலையால தோல் தடிச்சிருக்கு, அவ்வளவுதான். ஆனா தொடர்ந்து போட்டீங்கன்னா இது இப்படியே இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அடிக்கடி வந்து காட்டணும். புகையிலையை இன்னையோட விடணும்."

"விட்டாச்சு டாக்டர். மருமகள் ஒளிச்சு வச்சிட்டா."

"வெத்தலை பாக்கு?"

அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். "வெத்தலை மட்டும்..." என்று இழுத்தேன்.

"பாக்கும் கூடாது."

"பாக்கு இல்லாம வெத்தலையா? அது ஆடு தின்னுததுல்ல!"

"அப்போ ரெண்டையும் விட்டுருங்க" என்றார் டாக்டர். அந்த மனிதரிடம் பேரம் நடக்காது என்று புரிந்தது. தலையாட்டினேன். உடனே நாத்தனாரை முன்னால் தள்ளி, "இவ வாயையும் பாருங்க. இவ எனக்கு மேல போடுதவ" என்றேன். அவள் என்னை எரித்துவிடுவது போல முறைத்தாள். ஆனால் விளக்கு முகத்துக்கு வந்ததும் வாயைத் திறந்துவிட்டாள். டாக்டர் நிதானமாகப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது, இவருக்கும் அதே பத்தியம்தான் என்றார். வெளியே வந்ததும் அவளுக்குக் கோபம். "உங்களுக்கு மட்டும் தங்கம், எனக்கு ஒண்ணும் கிடையாதாக்கும்?"

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே மகனுக்குப் போன் போட்டேன். கடல் இரைச்சலும் இயந்திர இரைச்சலுமாக அவன் குரல் வந்தது. ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கத்தினான், ஏன் சொல்லவில்லை என்று. பிறகு, "தங்கம் சிவப்பாவா இருந்துச்சு?" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான். பஸ் வந்தும் ஏறாமல் அந்தச் சிவப்பை அவனுக்கு விளக்கிக்கொண்டு நின்றேன். அடுத்த பஸ்ஸில்தான் ஊர் வந்தோம்.

எங்களுக்கு முன்னால் செய்தி தெருவுக்கு வந்திருந்தது. மகன் போன் செய்து சொன்ன சந்தோஷத்தில் மருமகள் யாரிடமோ சொல்ல, அது நாலு வாசல் தாண்டுவதற்குள் எனக்கு வாயில் தங்கம் வைத்திருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. சாயங்காலம் வீடு நிறையப் பெண்கள். எதிர்வீட்டுக்காரி செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வந்து, "எங்க மதினி, காட்டுங்க பாப்போம்" என்றாள்.

நான் நாற்காலியில் சாய்ந்து, தலையை நிமிர்த்தி, இடது கன்னத்தை விரலால் இழுத்து வாயை நன்றாகத் திறந்தேன். அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணையும் காணலையே!" என்றாள்.

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்குதேன். ஒரு பொட்டுத் தங்கம் இல்ல."

"சத்தமாச் சொல்லு" என்றேன். "பின்னால நிக்குதவளுக்கும் கேக்கட்டும்."